இருட்டுக்கு எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் வெயில் காலத்துச் சாமான் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ராமநவமிப் பானகம், கத்திரி வெயிலில் ஒரு தம்ளர் சர்பத்து, அதோடு சரி. மார்கழியில் அதைத் தொட்டால், "சளி பிடிச்சுக்கும், வை கீழே" என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். உண்மையில் இந்தப் புளிப்புப் பழ ஜாதி குளிரை நம்பிப் பிழைப்பது. இரவில் குளிர் தட்டினால்தான் ஆரஞ்சுத் தோலின் பச்சை போய்ப் பொன்னிறம் வரும். வெப்ப நாடுகளில் பழுத்த பிறகும் அது பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். சிசிலித் தீவில் எட்னா எரிமலை அடிவாரத்தில் ஒருவகை ஆரஞ்சு விளைகிறது. உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பும் குளிர்ந்த இரவுகள் கொடுத்ததே.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது எடின்பரோவில். என் தங்கை அங்கே நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவள். மாப்பிள்ளை ஐப்பசியில் காலமானார். "குளிர்காலம் மட்டும் வந்து இரு, அண்ணா" என்றாள் டெலிபோனில். எதையும் கேட்டு வாங்கும் சுபாவம் அவளுக்குக் கிடையாது. ஆகையால் போனேன்.

அந்த ஊர்க் குளிரை நான் குறை சொல்லமாட்டேன். கம்பளிக்கு அது கட்டுப்படும். இருட்டுக்கு எதைப் போர்த்திக்கொள்வது? டிசம்பர் பிற்பாதியில் காலை எட்டே முக்காலுக்குச் சூரியன் எழுந்து, பிற்பகல் 3-40க்கு விடைபெற்றுக்கொள்கிறது. ஆக ஏழு மணி நேரம். மேகம் மூடினால் அதுவும் இல்லை. தங்கை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே தெரியாத தெருவைப் பார்த்தபடி இருப்பாள். பேசினால் பதில் வரும். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் மாப்பிள்ளையின் சாமான்கள் இருந்தன: பாதி ஜின் பாட்டில் ஒன்று, மூடி போட்ட எவர்சில்வர் குலுக்குப் பாத்திரம், சின்ன அளவுக் கிண்ணம். சனிக்கிழமைச் சாயங்காலந்தோறும் இருவருக்கும் அவர் ஒரு பானம் கலப்பாராம். தங்கை அவற்றை எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

எனக்கோ அந்த வித்தை அந்நியம். சென்னை ராஜதானி முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது 1948-ல். அது விலக்கப்பட்டது 1971-ல். நான் பிறந்து, படித்து, உத்தியோகத்தில் அமர்ந்தது எல்லாம் அந்த எல்லைக்குள்தான். ஜின் என்ற பதார்த்தத்தை நாவல்களில் மட்டுமே சந்தித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றிரண்டு நானே எழுதியவை.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை, இலையோடு கிடைத்த நாலு எலுமிச்சம்பழங்களை வாங்கி வந்து, பாத்திரத்தைக் கீழே இறக்கினேன்.

"உனக்கு எதுக்கு அண்ணா இந்த வேலை?"

"பிழிகிறது என் பொறுப்பு. அளவை நீ சொல்லு."

சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். ஜின் 50 மில்லி, சாறு 25, சர்க்கரைப் பாகு 20. பாகு என்றால் காய்ச்சிக் கம்பி பதம் பார்ப்பது அல்ல. சர்க்கரையும் வெந்நீரும் சமமாகக் கலந்தது. ஐஸ் கட்டி நிறையப் போட்டு, பாத்திரத்தின் வெளிப்புறம் பனி பூக்கும் வரை குலுக்க வேண்டும். ஐஸ் கொஞ்சம் கரைந்து சேர்ந்தால்தான் காரம் தணியுமாம். கடைசியில் தோலை மெல்லச் சீவி, கோப்பைக்கு மேலே முறுக்க வேண்டும்.

நான் முறுக்கியதைப் பார்த்து எழுந்தே வந்துவிட்டாள். "அப்படி இல்லை. மஞ்சள் பக்கம் கோப்பையைப் பார்த்து இருக்கணும். அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்!" என்று என் கையிலிருந்து பிடுங்கி முறுக்கினாள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் தெறித்தது. அந்த அறை முழுவதும், சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ விளக்குப் போட்டது போல இருந்தது.

நான் வந்த பதினெட்டு நாளில் அவள் அவரைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் நிற்கவில்லை. அழுகையும் கலந்துதான் வந்தது, நான் தடுக்கவில்லை. நடுவே தொழிற்புத்தி வேறு! ஜேம்ஸ் லிண்ட் என்ற எடின்பரோக்காரர், 1747-ல் கப்பலில் நோயாய்க் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு மருந்து கொடுத்தாராம். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற இருவர்தான் விரைவில் தேறினார்கள். அதை ஒப்புக்கொண்டு, கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவானது 1795-ல். சர்க்கார் காகிதங்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலிருக்கிறது.

ஒரு கோப்பைக்கு மேல் அவள் தொடமாட்டாள். "ஜின் துக்கத்தை ஆற்றாது, அண்ணா. மறுநாள் காலையில் கூட்டித்தான் வைக்கும். டாக்டராகச் சொல்கிறேன்" என்பாள். என் கோப்பையில் ஜின்னுக்குப் பதில் இஞ்சிச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும். அதுவும் மோசமில்லை.

ஜனவரியில் அந்தக் கடைகளுக்கு ஸ்பெயினிலிருந்து செவில் ஆரஞ்சு வரும். கசப்பும் புளிப்புமாய், சாட்சாத் நம் நாரத்தங்காய்க்கு உறவு. ஆரஞ்சு என்ற பெயரே பாரசீகம், அரபு வழியாகப் போன நம் பக்கத்துச் சொல் என்று மொழிநூலார் பலர் சொல்கிறார்கள். ஒரு நாள் தங்கை தனியாகக் கடைக்குப் போய் அதில் இரண்டு கிலோ வாங்கி வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் தனியாகப் படியிறங்கியது அன்றுதான். பாதியை ஜாமுக்கு ஒதுக்கி, மீதியைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்தோம்.

"உப்பு போட்டாச்சு. காய வைக்க வெயிலுக்கு எங்கே போகிறது?" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரத்து ஹீட்டர் மேல் வைத்தாள். வழியில் இடைஞ்சலாக இருந்த நாற்காலியை மூலைக்குத் தள்ளினாள்.