கடலில்லாச் சீமையிலிருந்து

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு துறைமுகத்தைப் பற்றி ஒருவன் எழுத வந்தால் நேயர்கள் சற்றே புன்னகை செய்யக்கூடும். எங்கள் ஜில்லாவில் கரும்பு உண்டு, மரவள்ளிக் கிழங்கு உண்டு, நெல் உண்டு. மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் சாமையும் கடுக்காயும் தேனும் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வரையில் நாங்கள் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். அந்த ஜில்லாவுக்கு மரக்காணத்தில் கடற்கரை உண்டு. ஆகவே வெள்ளிமலையில் சாமை விதைத்துக்கொண்டு, ஆயுளில் ஒரு தரமும் அலையைப் பாராதிருந்த குடியானவன்கூட, சர்க்கார் தஸ்தாவேஜின்படி கடலோர ஜில்லாவாசியாகவே விளங்கினான்! ஜில்லாவைப் பிரித்தார்கள்; கடல் அவர்களோடு போயிற்று. 2015-ல் மத்திய சர்க்கார் வகுத்த சாகர்மாலாத் திட்டத்தில் தொழிற்பயிற்சிக்கென்று ஒரு பகுதி உண்டு. அது கடலோர ஜில்லாக்களின் வாலிபர்களை முன்னிட்டே ஏற்பட்டது. எங்கள் பிள்ளைகளோ, வரைபடத்தில் இழுத்த கோடு ஒன்றினால் கரையைவிட்டு உள்ளே தள்ளப்பட்டவர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். இவ்வூரை அடுத்த பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷங்களாகக் கணிதமும் பௌதிகமும் போதித்து வருகிறேன். மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். பரீட்சை முடிந்து அவர்கள் மலையேறியதும் அவர்களைத் தேடிக்கொண்டு பலவிதமான மனிதர்கள் புறப்படுகிறார்கள். பனியன் ஆலைக்கு ஆள் வேண்டும் என்பார் ஒருவர். தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்பார் இன்னொருவர். சில வருஷங்களாகத் "துறைமுக வேலை" என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி, சாப்பாடும் ஜாகையும் இலவசம், முடிவில் சான்றிதழ், உடனே உத்தியோகம் என்று அச்சடித்த தாளை நீட்டுகிறார்கள். அத்தாளில் எனக்குச் சிறிதும் பிடிக்காத வாசகம் ஒன்று உண்டு. "உடல் வலிமையுள்ள இளைஞர்கள் தேவை" என்பதே அது.

மலைவாசிகளின் உடல் வலிமையை நாடி வந்தவர்கள் இதற்கு முன்பும் உண்டு. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. ஜாகீர் நிலத்தில் குடிகள் இனாமாக உழைத்துக் கொடுப்பது வழக்கம். தேசம் சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷங்கள் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகீர் ஒழிந்தது. பிற்பாடு செம்மரத் தரகர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதும் திடகாத்திரமான பையன்களைத்தான். கொடுப்பதாகச் சொன்னதும் கை நிறையப் பணந்தான். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸாரின் துப்பாக்கிக்கு 20 பேர் இரையானார்கள். அவர்களில் பெரும்பாலார் எங்களுக்கு வடக்கே திருவண்ணாமலை, தர்மபுரி ஜில்லாக்களின் மலைப் பக்கத்தவர். அந்தச் செய்தி வந்த தினத்தில் எங்கள் மலையிலும் எத்தனையோ தாய்மார்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆதலால், "தோள் வலியவன் வா" என்று எவராவது கூப்பிட்டால், "தோளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

துறைமுகத்தைப் பொறுத்தவரையில் இந்தக் கேள்விக்கு விசித்திரமான விடை கிடைக்கிறது. அங்கே இப்போது தோளுக்கு வேலை மிகக் குறைவு!

முற்காலத்தில் அப்படியில்லை. சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன் கப்பல்கள் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கைக் கரை சேர்க்கும். துறைமுகம் கட்டிய பிறகும் மூட்டையைக் கொக்கியால் இழுத்துத் தோளில் ஏற்றுவது மனிதன்தான். விடியற்காலையில் வாயிலில் கூட்டம் கூடும், மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு அன்று கூலி, மற்றவனுக்குப் பட்டினி. இந்த அநியாயத்தைத் தீர்க்க வேண்டுமென்று 1931-ல் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் சொல்லிற்று. 1948-ல் சட்டம் பிறந்தது. 1950-களில் சென்னையில் அதற்கென்று போர்டு ஏற்பட்டது. பெயர் பதிவான தொழிலாளி ஒரு கோஷ்டியில் சேர்வான். கோஷ்டியே அவனுக்குப் பள்ளிக்கூடம், மூத்தவர்களே உபாத்தியாயர்கள். கப்பல் ஒரு பக்கம் சாயாமல் மூட்டை அடுக்குவதும், முட்டுக் கொடுப்பதும், கிரேன்காரனுக்குக் கையால் சாடை காட்டுவதும் பார்த்துப் பார்த்தே கைவந்தன. அதற்குச் சான்றிதழ் கிடையாது, தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தை மூடியவர் ஓர் அமெரிக்க லாரிச் சொந்தக்காரர். மால்கம் மக்லீன் என்பது அவர் பெயர். 1956-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் 58 பெட்டிகளைத் தூக்கி வைத்தார். சில்லறைச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், பெட்டியில் ஏற்ற 16 சென்ட்டுத்தான் ஆயிற்று என்று கணக்குச் சொல்கிறார்கள். உலகம் சும்மா இருக்குமா? 1983-ல் சென்னையிலும் கண்டெய்னர்களுக்கென்று தனி முனையம் திறந்தார்கள். இருபதடிக் கண்டெய்னர் நிரம்பினால் 24 டன்னுக்கு மேலும் கனக்கக்கூடும். கல்வராயன் மலை வாலிபன் கிடக்கட்டும், பீமசேனனே வந்தாலும் அதைத் தோளில் ஏற்ற முடியாது.

அப்படியானால் மனிதன் அங்கே செய்வதென்ன? பெரும்பாலும் படிக்கிறான். கண்டெய்னரின் எண்ணைப் படிக்கிறான், எடையைப் படிக்கிறான், அபாயச் சின்னத்தைப் படிக்கிறான், வடத்தில் எவ்வளவு பளு ஏற்றலாம் என்று பொறித்திருப்பதைப் படிக்கிறான். அவ்வாறு படிக்கத் தெரியாதவனுக்கு மிஞ்சுவது கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் லாஷிங் வேலையும், பெருக்குகிற வேலையும்தான். லாஷிங் வேலையையும் இளப்பமாக எண்ணலாகாது. கப்பலின் மேல்தட்டில் அடுக்கின்மேல் அடுக்காக நிற்கும் பெட்டிகளினிடையே, வழுக்கும் இரும்பில் நின்று செய்ய வேண்டிய வேலை அது.

சென்ற வருஷம் பொங்கலுக்கு ஊர் வந்த என் பழைய மாணாக்கன் ஒருவன் தன் பயிற்சி நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். மூன்று நாள் அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் தூக்கம் வரவழைக்கும் என் பாடமெல்லாம் அதில் உயிரோடு உலவக் கண்டேன்! ஒவ்வொரு கண்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஓர் இலக்கம் உண்டு. அந்தக் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். எழுத்துக்களுக்கு 10 முதல் எண் கொடுத்து, 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட வேண்டும். பிறகு இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மிஞ்சுவது எதுவோ அதுதான் காவல் இலக்கம். பத்து மிஞ்சினால் பூஜ்யம். சி.எஸ்.க்யூ.யு. 305438 என்பதைக் கரும்பலகையில் எழுதி ஒன்பதாம் வகுப்பாரைக் கணக்குப் போடச் சொன்னேன். கூட்டுத் தொகை 6185; மீதி 3. பிறகு நடுவிலுள்ள 54-ஐ 45 என்று மாற்றி எழுதினேன். தொகை 6249 ஆயிற்று, மீதி 1. "சார், திருடன் மாட்டிக்கிட்டான்!" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. என் இருபது வருஷ அனுபவத்தில் மீதிக் கணக்குக்கு இத்தகைய வரவேற்பு கிடைத்ததில்லை.

அடுத்த பக்கத்தில் வடத்தின் படம். ஒரு பளுவை இரண்டு வடங்களில் தூக்கும்போது, வடங்களுக்கு இடையே கோணம் குறுகலாக இருந்தால் ஒவ்வொன்றும் பாதிப் பளுவைத்தான் தாங்கும். கோணம் விரிய விரிய இழுப்பு ஏறும். 120 டிகிரி ஆனதும் ஒவ்வொரு வடமும் முழுப் பளுவையும் தாங்குகிறது. இது விசைகளின் இணைகரம் என்று நான் வருஷந்தோறும் ஒப்பித்து வரும் பாடந்தான். ஆனால் அதை மறந்துவிட்டவனுடைய தலைக்கு மேல் அங்கே இரண்டு டன் இரும்பு தொங்குகிறது. எடை தெரியாமல் தூக்குவதும் அதே போன்ற விபரீதம். ஒரு டன்னும் அதற்கு மேலும் கனக்கும் பொதியில், கப்பலேற்றுமுன் எடையைக் குறிக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1929-லேயே உடன்படிக்கை செய்தது. நிரப்பிய கண்டெய்னரின் எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் கப்பலேற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலையில்தான் அமுலுக்கு வந்தது. இடையே கழிந்த வருஷங்களை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் என்னைத் திடுக்கிடச் செய்தது. எங்கள் பக்கத்தில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். கப்பலின் சரக்கறையும் அத்தகைய கிணறுதான். நிலக்கரி, மரம், துருப்பிடித்த இரும்பு இவையெல்லாம் மூடிய அறையின் பிராணவாயுவைத் தின்றுவிடும். வெளியில் நூற்றுக்கு 21 பங்கு இருப்பது 19½-க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது. ஆனால் நம்முடைய விளக்குப் பரீட்சையை அங்கே செய்துவிடக் கூடாது! நிலக்கரியிலிருந்து எரிவாயு கிளம்பியிருந்தால் விளக்கே யமனாகிவிடும். கருவியால்தான் அளக்க வேண்டும். மேலே நிற்பவன் கீழே விழுந்தவனைத் தூக்கக் குதித்துத் தானும் மாண்டுபோவது கிணற்றிலும் உண்டு, கப்பலிலும் உண்டு.

அபாயச் சரக்குகளை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, வைர வடிவமான சீட்டு ஒட்டுகிறார்கள். 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறையில் ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் அதில் ஒன்றாகப் பயணம் செய்திருந்தன. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அழித்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். சென்னைக்கருகில் 2015 முதல் 37 கண்டெய்னர்களில் ஏறக்குறைய 700 டன் அதே உப்பு தூங்கிக்கொண்டிருந்தது அந்தச் சமயத்தில்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அவசர அவசரமாக அப்புறப்படுத்தினார்கள்.

நோட்டுப் புத்தகம் இவ்வளவு உயர்வாயிருக்க, பயிற்சி எப்படி என்று பையனைக் கேட்டேன். ஸ்தாபனத்தின் பெயர் இங்கே வேண்டாம். "நோட்டுல எழுதினது நிஜந்தான் சார். ஆனா மூணு மாசத்துல கப்பல் பக்கத்துல போனது நாலு நாள்தான். கிரேனைப் படத்துலதான் பார்த்தோம்" என்றான். வேலைக்கு எடுத்தவர் துறைமுகமல்ல, ஒரு ஒப்பந்தக்காரர். இலவசம் என்ற ஜாகைக்குச் சம்பளத்தில் பிடித்தம். மலையிலிருந்து பதினொரு பேர் போனதில் நால்வர்தான் நிலைத்தார்கள். இவன் நிலைத்ததற்குக் காரணம், எண்களைப் பிழையின்றி எழுதுகிறான் என்று ஒரு மேற்பார்வையாளர் கவனித்து இவனைக் கணக்குச் சாவடிக்கு மாற்றியதுதான். ஓடி வந்த எழுவரில் இவனைவிடப் பலசாலிகள் மூவர்.

ஆகவே நான் பயிற்சிக்கு விரோதியல்லன். "உடல் வலிமை" என்ற வாசகத்துக்குத்தான் விரோதி. நோட்டுப் புத்தகத்திலுள்ளதில் பாதியைக் கல்வராயன் மலையடிவாரத்திலேயே, கரும்பலகையையும் கயிற்றையும் ஒரு செங்கல்லையும் வைத்துக்கொண்டு கற்பித்துவிடலாம். சனிக்கிழமை மாலைகளில் கற்பித்தும் வருகிறேன். அப்புறம் கிடைக்கிற மூன்று மாதத்தையும் கப்பலருகிலேயே செலவிடலாமே! வகுப்பறையில் உட்கார வைத்து மறுபடியும் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுப்பதற்கா பிள்ளைகளை 250 கிலோமீட்டர் அழைத்துப் போக வேண்டும்?

போன மாதம் வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகனையும் அந்த அச்சடித்த தாளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. அனுப்பலாமா, வேணாமா?"

"பையனுக்குப் பதினெட்டு நிரம்பியாச்சா, கவுண்டரே?"

"தை மாசத்தோட நிரம்பிடுச்சுங்க."

தாளில் இருந்த எண்ணுக்கு அங்கேயே டெலிபோன் செய்தேன். எத்தனை நாள் கப்பலருகில் பயிற்சி, சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். "எழுத்தில் கொடுங்கள், அதுவரையில் பையன் என்னிடம் சனிக்கிழமை வகுப்புக்கு வருவான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடிதம் இன்னும் வரவில்லை. பையன் காவல் இலக்கத்தைக் காகிதமில்லாமல் மனத்திலேயே போடத் தொடங்கியிருக்கிறான்.

பெரியவர் புறப்படும்போது வாயிற்படியில் தயங்கி நின்றார். "அவன் போறப்போ நானும் கூடப் போயி ஒரு தரம் பார்த்துட்டு வரலாங்களா, சார்? கடலைத்தான்" என்றார்.