கிராஸா, நெட்டா?

2011 பிப்ரவரி 28, திங்கட்கிழமை காலை. வயிற்றுவலி என்று ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்கர் விழா. இரண்டு வருஷம் முன்னால் இரண்டு வாங்கிவந்த நம்ம ரஹ்மான், '127 ஹவர்ஸ்' படத்துக்காக மறுபடி போட்டியில் இருந்தார். கவரைப் பிரித்தார்கள். 'தி சோஷியல் நெட்வொர்க்' என்றார்கள். கோட்டு சூட்டோடு இரண்டு பேர் மேடையேறினார்கள். ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ்.

'யார்றா இவங்க?' வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் பிராட்பேண்டில் (ஆடிட்டர் மன்னிக்க) தேடினேன். ரெஸ்னர் நடத்தும் கோஷ்டியின் பெயர் நைன் இன்ச் நெய்ல்ஸ். ஒன்பது அங்குல ஆணி! ஹார்டுவேர் கடையில் கேட்டால்கூட முறைப்பார்கள். இவர்கள் சங்கீதத்துக்கு இண்டஸ்ட்ரியல் என்று பெயர். ஹெட்போனை மாட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் போய் வந்ததும் எல்லா லேத்தும் ஒரே சமயத்தில் கிளம்புமே, அந்தச் சத்தம். நடுவில் ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறார். கழற்றி வைத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் மறுபடி மாட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். மார்ச் மாதம், இயர் எண்டிங். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

ரெஸ்னர் பென்சில்வேனியாவில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பையன். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கை ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு கிளீவ்லாண்ட் நகரத்துக்கு வந்து, ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். தரையைத் துடைப்பதும் அதில் அடக்கம். ராத்திரி ஸ்டூடியோ காலியாக இருக்கும்போது சொந்தப் பாட்டைப் பதிவு செய்துகொள்ள முதலாளி அனுமதித்தார். காசு வாங்கவில்லை. (இப்படி ஒரு முதலாளி!) தன் மனசில் இருப்பதை வாசிக்க ஆள் கிடைக்காததால் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்துப் பெரும்பாலும் தானே வாசித்தார். கோஷ்டி என்பது பேருக்குத்தான், பாதி நாள் ஒரே ஆள். 1989-ல் வந்தது 'ப்ரிட்டி ஹேட் மெஷின்'. 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்புறம் கம்பெனியோடு சண்டை. கம்பெனிக்குத் தெரியாமல் வேறு பெயர்களில் ரகசியமாக ரெக்கார்டிங். 1994-ல் வுட்ஸ்டாக் விழாவில் உடம்பு முழுக்கச் சேற்றோடு மேடையேறினார்; ஊரே பார்த்தது. அதே வருஷம் வந்த 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம். கூடவே குடி, போதை. 2000-ல் லண்டனில் ஹெராயின் அதிகமாகிப் பிழைத்ததே பெரிசு. அதன்பிறகு நிறுத்திவிட்டார். அவருடைய 'ஹர்ட்' பாட்டைக் கிழவர் ஜானி கேஷ் 2002-ல் பாடினார். அந்த வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், இனி இது என் பாட்டில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

என்னைக் கெடுத்தது 2008-ம் வருஷத்துக் கணக்கு. கம்பெனிகளை உதறிவிட்டு 'கோஸ்ட்ஸ்' என்று 36 டிராக்கைத் தானே விற்றார். முதல் 9 இலவசம். எல்லாம் வேண்டுமானால் 5 டாலர். கையெழுத்துப் போட்ட பெட்டி 300 டாலர், மொத்தம் 2,500 பெட்டி. அத்தனையும் சில நாட்களிலேயே காலி! கால்குலேட்டரைத் தட்டினேன். 7,50,000 டாலர். (அந்த 36-ல் ஒரு துண்டைத்தான் பிற்பாடு ஒரு பையன் எடுத்து 'ஓல்ட் டவுன் ரோட்' என்ற பாட்டின் அடியில் போட, அது 2019-ல் 19 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. லேத் சத்தக்காரருக்கு நாட்டுப்புறப் பாட்டில் பங்கு!)

தரை துடைத்தவரால் முடியும்போது பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு என்ன? 2014-ல் வேலையை விட்டேன். ஒரு சின்ன விளம்பரக் கம்பெனிக்கு காமெடி ஸ்கிட் எழுதித் தருவதாக ஒப்பந்தம். லாபத்தில் 20 சதவீதம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம், 26 ஸ்கிட். கணக்குக் கேட்டால் டாக்ஸி, டீ, வாடகை, 'இதர செலவுகள்' எல்லாம் போக நெட்டில் என் பங்கு ரூ.340. செக்காகக் கொடுத்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க் பெஞ்சில் உட்கார்ந்து லேத் சத்தம் கேட்பேன். அங்கேதான் ஒரு நாள் போனில் மிச்சக் கதையைப் படித்தேன். 2003 வாக்கில் ரெஸ்னர் தன் மானேஜரிடம் கணக்குக் கேட்டிருக்கிறார். லட்சக்கணக்கில் ஆல்பம் விற்ற மனுஷனிடம் ரொக்கமாக இருந்தது வெறும் 4 லட்சம் டாலர்! ஆரம்ப நாளில் கையெழுத்துப் போட்ட காகிதத்தின்படி மானேஜருக்கு 20 சதவீதம், அதுவும் நெட்டில் இல்லை, கிராஸில். 2005-ல் நியூயார்க் கோர்ட்டில் ஜெயித்து 30 லட்சம் டாலர் அளவுக்குத் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு சத்தத்தையும் நூறு தடவை திருத்துகிறவர், அந்த ஒரு காகிதத்தைத் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பார்க்கில் வாக்கிங் போன யாரோ சொல்லிவிட்டார்கள். திட்டவில்லை. "அந்த அக்ரிமெண்டைக் கொண்டா" என்றார். ரிட்டயர்ட் ஸ்டோர் கீப்பர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நெட்டுன்னு போட்டிருக்கானே, எது எது போக நெட்டுன்னு எங்கடா இருக்கு?"

இல்லை. எங்கேயும் இல்லை. சமாளிக்க ரெஸ்னர் கதையை முழுசாகச் சொன்னேன். ஆஸ்கர், கோர்ட், 4 லட்சம் டாலர் எல்லாம். எவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படி, பார்த்தீங்களாப்பா என்றேன்.

அப்பா காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவனாவது பி.காம். படிக்கலைடா."