மருமகளின் தாய்வீட்டுச் சுவை

நாவுக்கும் ஒரு தாய்நாடு உண்டு. மதீனாவில் அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை சுட்ட உடும்புக் கறி பரிமாறப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது இன்னதென்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், அது ஹராமா என வினவினார்கள். ஹராமன்று, தம் கூட்டத்தார் வாழும் மண்ணில் அது இல்லாததால் தமக்கு அதில் மனம் செல்லவில்லை என்று பெருமானார் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. மார்க்கத்தின் விலக்கு வேறு, பழக்கத்தின் விருப்பு வெறுப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் பிறிதொன்று உண்டோ?

பல்லாண்டுகளாக மாணவர்க்கு நான் நடத்திவந்த இந்தப் பாடம், சிங்கப்பூரில் என் இல்லத்துக்குள்ளேயே ஒரு கேள்வியாக வந்து நின்றது. என் மகன் கைப்பிடித்த பெண் காண்டோனியச் சீனக் குடும்பத்தவள். மனமுவந்து இஸ்லாத்தைத் தழுவியவள். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியையும் ஆணத்தையும் இடியாப்பத்தையும் முகம் சுளிக்காமல் உண்டு பழகினாள். உறவினர் அனைவரும் மெச்சினர். ஆனால் மசக்கை வந்தபோது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் அவள் மெலிந்துபோனதைக் கண்டு என் மனைவி கலங்கினாள். என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம், மாமி" என்பதே பதில். மகன்தான் மெல்லச் சொன்னான்: அவள் மனம் நாடுவது டிம் சம் என்று.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர், "முஸ்லிமான பிறகும் சீனச் சாப்பாட்டு ஆசை எதற்கு?" என்றார். எனக்கு அது உவப்பாக இல்லை. அவள் விட்டுவந்தது பன்றியையும் மதுவையும். தாயையும் தாய் ஊட்டிய சுவையையும் விட்டுவிடுமாறு அவளுக்கு யார் கட்டளையிட்டார்கள்?

டிம் சம் என்பது ஒரே பண்டத்தின் பெயரன்று. தேநீரோடு உண்ணும் சிறுசிறு பண்டங்கள் பலவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர். அச்சொல்லுக்கு 'இதயத்தைத் தொடுவது' என்று பொருள் கூறுவர். மூங்கில் கூடைகளில் ஆவியில் அவித்துக் கூடையோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். இறாலை உள்ளடக்கிய ஹார் காவ், கோதுமை மாவுத் தோலில் வாய் திறந்து நிற்கும் சியூ மாய், வெண்ணிறப் பஞ்சுபோன்ற பாவ், அரிசிமாவும் முள்ளங்கியும் சேர்ந்த பணியாரம் எனப் பலவகை. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் எனலாம்.

இவற்றில் மார்க்கம் நோக்கவேண்டிய இடங்கள் எவை? முதலாவது பன்றி. சியூ மாயின் வழக்கமான உள்ளீடு பன்றி இறைச்சியும் இறாலும். ஹார் காவில்கூட மென்மைக்காகப் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. முள்ளங்கிப் பணியாரத்தில் பன்றித் தொத்திறைச்சித் துணுக்குகள் கிடக்கும். இரண்டாவது, வாடை போக்க ஊற்றும் அரிசி மது. மூன்றாவது, கோழியாயினும் அது அறுக்கப்பட்ட முறை. நான்காவது பாத்திரம். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மூங்கிலோ ஆவியையும் கொழுப்பையும் உறிஞ்சும் தன்மையது. இறாலைப் பொறுத்தவரை ஷாஃபிஈக்களாகிய எங்களுக்குத் தடையில்லை. அது மீனினத்தில் சேருமா என்பதில் ஹனஃபீ அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆகவே, "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று கடைவாசலில் தொங்கும் பலகை நான்கு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் விடை. அத்தகைய கடை ஒன்றில் மேலாளரிடம் மது சேர்ப்பதுண்டா என்று வினவினேன். "இறைச்சியை ஊறவைக்கையில் கொஞ்சம் சேர்ப்போம், ஐயா" என்று ஒளிக்காமல் சொன்னார். அவருடைய நேர்மைக்கு நன்றி கூறித் திரும்பினோம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமாகிய முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. அந்தச் சான்று உள்ள உணவகத்தைத் தேடுவதே நேர்வழி என்று முடிவு செய்தோம்.

இந்தத் தேடலின் இடையே ஒருநாள் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் அஸர் தொழுதேன். 1826இல் நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் எழுப்பிய பள்ளி அது. இன்று அதைச் சூழ்ந்திருப்பது சைனாடவுன். அருகிலுள்ள மாஸ்க் தெருவுக்கு அந்தப் பள்ளியே பெயர் தந்தது. நம் மக்களும் சீனரும் இருநூறு ஆண்டுகளாக ஒரே தெருவின் அண்டை வீட்டார். ஆயினும் அவர்களுடைய அடுப்பில் வேகும் அனைத்துமே நமக்கு ஆகாதவை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் நீங்கவில்லை.

சீனத்து முஸ்லிம்களை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். டிம் சம்மின் தாயகமான குவாங்சோ நகரை அரபு வணிகர் 'கான்ஃபூ' என்றழைத்தனர். ஹிஜ்ரி 237இல், அதாவது 851ஆம் ஆண்டளவில், எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் அரபு நூல், அங்கு வந்த முஸ்லிம்களுக்குத் தீர்ப்பளிக்க ஒரு முஸ்லிமையே சீன அரசு நியமித்திருந்ததைக் குறிப்பிடுகிறது. சீனர் வெந்நீரில் இட்டுக் குடிக்கும் 'ஸாக்' என்னும் இலையையும் அது சொல்கிறது. தேயிலையைத்தான்! அந்நகரின் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் சீனத்தின் மிகப் பழைய பள்ளிகளுள் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டில் சீனம் சென்ற இப்னு பதூதா, அந்நாட்டின் ஒவ்வொரு நகரிலும் முஸ்லிம்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு என எழுதினார். இன்றும் ஹுய் முஸ்லிம்கள் தங்கள் உணவகங்களில் 'சிங்ஜென்' என்ற சீனச் சொல்லைப் பொறிக்கிறார்கள். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். ஹலால் என்பதற்கு அவர்கள் கண்ட சொல் அது. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வைத்த கொழுக்கட்டைகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து உண்டுவருகின்றனர்.

சான்று பெற்ற கடைகள் கிடைத்தன. ஆனால் ஹலாலாக இருப்பது ஒன்று, நன்றாக இருப்பது மற்றொன்று. முதற்கடையில் உறைபெட்டியிலிருந்து எடுத்து அவித்துத் தந்தார்கள். தோல் தடித்து, உள்ளே இறால் மாவாய்க் கரைந்திருந்தது. மருமகள் இரண்டு உண்டு, மரியாதைக்குப் புன்னகைத்துக் கையைக் கழுவிக்கொண்டாள். ஹார் காவின் நலத்தை அதன் தோலில் காணவேண்டுமாம். பசை நீக்கிய கோதுமை மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, உள்ளே இறாலின் செந்நிறம் தெரியுமளவு மெல்லிதாகத் தேய்த்து மடிக்கவேண்டும். இரண்டாவதாகச் சென்ற சிறிய கடையில் அவ்வாறே இருந்தது. கோழித் தொடைக்கறியும் இறாலும் கலந்த சியூ மாயும் சாறு வற்றாமல் வந்தது. அன்று அவள் ஒரு கூடையை முடித்து, இன்னொரு கூடை கேட்டாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

செய்தி மருமகளின் தாயாருக்கு எட்டியது. திருமணத்துக்குப் பின் அவர் எங்கள் இல்லத்துக்கு அதிகம் வந்ததில்லை. தம் கைப்பட்ட எதுவும் இனி மகளுக்கு ஆகாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது போலும். அவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் வீட்டில், உங்கள் கோழியில், நானே செய்து தரலாமா?" என்று கேட்டார். தாராளமாக வரவேண்டும் என்றேன்.

மறுநாள் காலை மூன்று மூங்கில் கூடைகளோடு வந்தார். மூன்றிலும் கடையின் விலைச்சீட்டு ஒட்டியபடி இருந்தது. அவற்றை உரிப்பதற்கு முன் என் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. மதுவுக்குப் பதில் இஞ்சிச்சாறு பிழிந்தார். நல்லெண்ணெயும் வெள்ளை மிளகும் சேர்த்தார். சோமாசு மடித்துப் பழகிய என் மனைவியின் விரல்கள் சிறிது நேரத்தில் அவர் மடிப்பைக் கற்றுக்கொண்டன. அரைகுறை மலாயும் கையசைவுமே அவர்களுக்குப் பொதுமொழி. பிஸ்மில்லாஹ் கூறி உண்ட மகளை அந்தத் தாய் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிற சமயங்களிலிருந்து நம் இல்லங்களுக்கு மருமக்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தொழுகையையும் நோன்பையும் அக்கறையோடு கற்பிக்கிறோம்; அது கடமை. அவர்களின் தாய்வீட்டு உணவில் ஆகுமானது எது, ஆகாதது எது என்று பொறுமையோடு பிரித்தறிந்து, ஆகுமானதைத் தேடிக் கொடுப்பதும் நம் பொறுப்பே. விலக்கப்பட்டவை சில. அந்தச் சிலவற்றில் உறுதியாக நிற்போம். அல்லாஹ் ஆகுமாக்கிய பலவற்றின் கதவுகளை நம் பழக்கத்தைக் காட்டி அடைக்கவேண்டாம்.

இப்போது பேரனுக்கு இரண்டு வயது. மாதம் ஒருமுறை அவனுடைய பாட்டியார் வந்து ஹார் காவ் அவிக்கிறார். மற்ற நாட்களில் அதே மூங்கில் கூடைகளில் என் மனைவி இடியாப்பம் அவிக்கிறாள்.