ஆம்பூரில் ஓர் அம்பு விசாரணை

ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, "மாப்ளே, மான் அடிக்க எந்த அம்பு முனை நல்லது?" என்று கேட்கிற சொந்தக்காரர் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அத்தை மகன். அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறான். பகலில் கம்ப்யூட்டர், சனி, ஞாயிறு காட்டில் மரத்து மேல் பரண். கையில் கிராஸ்போ. அதாவது, துப்பாக்கி மாதிரி தோளில் முட்டுக் கொடுத்து விசையை இழுத்தால் அம்பு பாயும் வில்.

"மச்சான், நான் வேலூர்ல ஆபீஸ் கணக்கு எழுதறவன். என்னைப் போய்க் கேக்கறியே?"

"உங்க பக்கம் பூரா தோல் கம்பெனிதானே! தோலைப் பத்தி தெரிஞ்சவங்க அங்கதான் இருக்காங்க. ஊர் பேரே அம்பு ஊர்."

"அது ஆம்பூர்டா!"

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னான். போன சீசனில் ஒரு மானை அடித்திருக்கிறான். அம்பு பட்டது. மான் பக்கத்துச் சோளக்கொல்லையில் பாய்ந்து ஓடிவிட்டது. டார்ச் லைட்டோடு விடிய விடியத் தேடியும் கிடைக்கவில்லை. "எங்கயோ கிடந்து செத்திருக்கும் மாப்ளே. இன்னும் கனவுல வருது" என்றான்.

அங்கே லைசென்ஸ் வாங்கி சீசனில் அடிக்கலாம். வெள்ளை வால் மான் அங்கே ஏராளம். இங்கே? 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் மேல் கை வைத்தால் ஜெயில். வேலூர்க்காரனுக்கு ஒரே சௌகரியம், ஜெயில் உள்ளூரிலேயே இருக்கிறது.

சரி, பையன் மனசு கஷ்டப்படுகிறானே என்று ஒரு சனிக்கிழமை ஆம்பூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டும்போதெல்லாம் பாலாறு கூடவே வருகிறது. ஆறு என்றால் மணல். தோல் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொல்லி, தொழிற்சாலைகளுக்கு அபராதம் போட்டதெல்லாம் இந்த ஆற்றுக்காகத்தான். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக வெட்டியதில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. வாசனை மட்டும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

இறங்கியதும் முதல் வேலை என்ன என்று உங்களுக்கே தெரியும். சீரக சம்பா பிரியாணி, பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எடிட்டர் இடம் தரமாட்டார்.

ஆபீஸ் நண்பர் சொல்லியனுப்பிய பாய், கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் செக்ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். இப்போது வீட்டுத் திண்ணையில் துண்டுத் தோலில் பர்ஸ், பெல்ட் தைக்கிறார். வலது முழங்கையில் முடி புஸுபுஸுவென்று இருக்கிறது. இடதில் ஒன்றுகூட இல்லை. கத்தி தீட்டியதும் அங்கேதான் சிரைத்துப் பார்ப்பாராம்.

முழுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த மான் கிடைச்சுதா தம்பி?"

"இல்ல பாய்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு தோல் துண்டை எடுத்து, உருண்டை முனைக் குத்தூசியால் ஒரு குத்து. ஊசியை உருவிவிட்டுக் கட்டை விரலால் நீவினார். ஓட்டை கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. அடுத்து, முனை தட்டையாக, இரண்டு பக்கமும் கூர் உள்ள ஊசி. அந்த ஓட்டையை எவ்வளவு நீவியும் மூடவில்லை.

"உருண்டை முனை நாரை ஒதுக்கிட்டுப் போவும். தட்டை முனை நாரை அறுக்கும். அவ்ளோதான் விஷயம்."

அசந்து போனேன். கிராஸ்போக்காரர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுவது இதைத்தான் ஸார்! துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியிலேயே பாதி வேலையை முடித்துவிடும். அம்பு அப்படியில்லை, ரத்தம் போய்த்தான் மிருகம் சாகும். அதனால் பழகுவதற்கு உருண்டை முனை, வேட்டைக்கு 'பிராட்ஹெட்' என்கிற பிளேடு வைத்த முனை. எடை வழக்கமாக 100 கிரெய்ன், நம் கணக்கில் ஆறரை கிராம். மழுங்கின பிளேடு ரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், இல்லை பிய்க்கும். பிய்ந்த குழாயில் ரத்தம் சீக்கிரம் உறையும். மான் ஓடிவிடும். கூரான பிளேடு என்றால் மான் நூறு அடிக்குள் படுத்துவிடலாம்.

அதில் இரண்டு ஜாதி. ஒன்று, பிளேடு அசையாமல் நிற்பது. இன்னொன்று, பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் குடை மாதிரி விரிவது. மச்சான் போட்டது குடை. ஆசை யாரை விட்டது? இரண்டு அங்குலம் விரியும் என்று டப்பாவில் போட்டிருந்ததாம். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் வேகம் செலவாகும். சாய்வாகப் பட்டால் சறுக்கும், சமயத்தில் சரியாக விரியாது. அசையாத பிளேடிலும் வம்பு உண்டு. கிராஸ்போ அம்பு விநாடிக்கு 300 அடிக்கு மேல் பறக்கிறது. அகலமான பிளேடு அந்த வேகத்தில் ஏரோப்ளேன் இறக்கை மாதிரி வேலை செய்து அம்பைத் திசை திருப்பிவிடும். ஆகவே குட்டையான, மூன்று பிளேடு முனை. அதையே மாட்டி முன்கூட்டி எய்து பார்க்க வேண்டும். உருண்டை முனையில் பழகிவிட்டு, பிளேடு முனையோடு நேரே காட்டுக்குப் போகிறவன் மானை நம்பிப் போகவில்லை, அதிர்ஷ்டத்தை நம்பிப் போகிறான்.

பாய்க்கு விரிகிற பிளேடை விளக்கினேன். முகத்தைச் சுளித்தார். "கத்தியில அசையற பாகம் எதுக்கு? எங்கள்ல ஆடு அறுக்கறப்பகூட கத்தி நல்லா கூரா இருக்கணும், ஆட்டு முன்னாடி வச்சுத் தீட்டக் கூடாது. அதுக்கு நோவு தெரியக் கூடாது, பயமும் தெரியக் கூடாது."

கிளம்பும்போது ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முள் கீறினது, சாட்டையடி, உண்ணி கடித்தது எல்லாம் அதில் தெரிகிறது. தழும்பு இருந்தால் கிரேடு குறையும். தழும்புக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள்!

மறுநாள் ஞாயிறு, அமிர்தி போனேன். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம். வேலிக்கு உள்ளே புள்ளிமான்கள். ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடம் என்று மச்சான் சொன்ன இடத்தை என் கண் தானாகவே தேடியது. சங்கடமாகி, கேன்டீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த மலையைச் சுற்றி நடுகற்கள் நிறைய. வீரன் ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், சிலருக்கு மார்பில் அம்பு. எடத்தனூரில் எஜமானனோடு திருடர்களைக் கடித்த கோவிவன் என்கிற நாய்க்குக்கூட மகேந்திரவர்மன் காலத்துக் கல் இருக்கிறது. புலியோடு மோதிச் செத்தவனுக்குக் கல், பன்றியோடு மோதிச் செத்தவனுக்குக் கல். மானோடு மோதிச் செத்தவன் என்று ஒரு கல்லும் நான் பார்த்ததில்லை. மான் யாரைக் குத்தப் போகிறது?

ராத்திரி போனில் தீர்ப்பைச் சொன்னேன். அசையாத பிளேடு, மூன்று, 100 கிரெய்ன். ஒவ்வொரு தடவையும் புது பிளேடு. முப்பது கஜத்துக்கு மேல் எய்யாதே. பக்கவாட்டில் நின்றால் மட்டும்.

"பாய் வேற எதாவது சொன்னாரா?"

"மான் கிடைச்சுதான்னு கேட்டார்."

மறுமுனையில் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

அக்டோபரில் மெசேஜ் வந்தது. மூன்று சாயங்காலம் பரணில் உட்கார்ந்தானாம். கடைசி நாள் ஒரு பெரிய கொம்பன் வந்து நாற்பத்தைந்து கஜத்தில் பத்து நிமிஷம் நின்றதாம். விசையில் விரலே வைக்கவில்லையாம்.

கீழே இன்னொரு வரி: "மாப்ளே, டிசம்பர்ல வர்றேன். அந்த கத்தரிக்காய் எந்தக் கடை?"