பிளக் தேடாத மூன்று நாள்

வியாழன்: டென்வர் முதல் கிராண்ட் ஜங்ஷன் வரை, 391 கி.மீ.

காலை ஆறேகாலுக்குக் கார் ஷெட்டிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்தது. 2018-ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் பிரைம்; பெட்ரோல் எஞ்சினோடு, சொருகி ஏற்றும் பேட்டரியும் மோட்டாரும் உள்ள பிளக்-இன் ஹைபிரிட். ஓட்டுபவர் டென்வரில் பள்ளி ஆசிரியை. பக்கத்தில் கணவர், மடியில் குறிப்பேடு. லாஸ் வேகாஸில் இருக்கும் ஆசிரியையின் அக்கா வீட்டுக்கு, கொலராடோ மலைகளையும் யூட்டா பாலையையும் தாண்டி, சுமார் 1,200 கி.மீ. பயணம். வழியில் எங்கும் சார்ஜ் போடுவதில்லை என்பது முன்னமே எடுத்த முடிவு. கேபிள் இருக்கிறது, ஆனால் டிக்கியில் எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில்.

முடிவுக்குக் காரணம் பிடிவாதம் இல்லை, கணக்கு. அமெரிக்காவில் விற்ற இந்தக் காருக்கு நெடுஞ்சாலை ஓரத்து விரைவு சார்ஜர்களில் சொருகிக்கொள்ளும் வசதியே கிடையாது. 240 வோல்ட் சார்ஜரில் போட்டால் நிறைய 2 மணி 10 நிமிடம் ஆகும். நிறைந்த பேட்டரி ஓடுவது 40 கி.மீ. நெடுஞ்சாலை வேகத்தில் அது இருபது நிமிடப் பாதை. இருபது நிமிட ஓட்டத்துக்காக இரண்டு மணி நேரம் காபிக் கடையில் உட்கார யாருக்கு மனம் வரும்?

வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பேட்டரியோடுதான் புறப்பட்டார்கள். அதன் அளவு 8.8 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிக்கியின் தரையை உயர்த்தி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அத்தனை பெரிய பேட்டரி ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அந்த லிட்டரை எஞ்சின் எரித்தால் கார் ஓடுவது சுமார் 23 கி.மீ. அதே ஆற்றலை மின்சாரமாக மோட்டார் கையில் கொடுத்தால் 40. எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை.

அந்த 40 கி.மீ.-ஐ எங்கே செலவழிப்பது? இந்தக் கேள்வியில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் சிறு பூசல். மலை ஏறும்போது உதவும், ஹைபிரிட் பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்து வை என்றார் கணவர். ஆசிரியை கேட்கவில்லை. நகரத்துச் சிக்னல்களையும் புறநகரையும் மின்சாரத்திலேயே கடந்தார். மலை அடிவாரத்தில் கோல்டன் ஊரைத் தாண்டும்போது பேட்டரியில் பாதிதான் மிச்சம். அங்கேதான் பொத்தானை அழுத்தி, எஞ்சினும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் முறைக்கு மாற்றினார்.

அவர் செய்தது சரி. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 70-ஆம் எண் நெடுஞ்சாலையின் உச்சியான ஐசனோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர். இரண்டு பேரும் பெட்டிகளும் சேர்ந்து சுமார் 1,750 கிலோ எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 8.5 யூனிட் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் அதற்கு மேல். நிறைந்த பேட்டரி முழுவதையும் கொட்டினாலும் உச்சிக்குப் போய்ச் சேராது. அதோடு, நிறைந்த குடத்தோடு உச்சிக்குப் போனால் மறுபக்கம் இறங்கும்போது கிடைக்கும் மின்சாரத்தை எதில் பிடிப்பது?

ஏற்றம் இனிமையாக இல்லை. அந்த உயரத்தில் காற்று முப்பது சதவீதம் மெலிந்துவிடுகிறது. 95 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கிடைக்கும் மூச்சும் அந்த அளவுக்குக் குறையும். ஆசிரியை வலது ஓரத் தடத்தில் லாரிகளோடு லாரியாகப் போனார். எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது. கணவர் எழுதியது: "மிக்ஸிக்குள் உட்கார்ந்திருப்பது போல."

இதே மாதிரி ஏற்றங்களை நினைத்துத்தான் ஷெவர்லே வோல்ட் காரில் 'மலை முறை' என்று தனியாக ஒன்றை வைத்தார்கள். ஏற்றம் வருவதற்குச் சற்று முன்பே அதைப் போட்டால், கார் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு செங்குத்தில் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். பிரைமில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. பாதி பேட்டரியை மிச்சம் வைத்து ஆசிரியை தன் கையாலேயே அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார் என்று சொல்லலாம்.

சுரங்கத்தின் மேற்கு வாயில் தாண்டியதும் சாலை 13 கி.மீ.-க்குள் 700 மீட்டர் இறங்குகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாயிற்று. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பிரேக்கில் சூடாகி வீணாகவேண்டிய ஆற்றலைப் பேட்டரிக்கு அனுப்பியது. சில்வர்தோர்ன் ஊருக்குள் வந்தபோது ஸ்கிரீனில் 10 கி.மீ. கூடியிருந்தது. அடுத்து வேல் கணவாய், 3,250 மீட்டர். அங்கும் இதே ஏற்றம், இதே இறக்கம், இதே வரவு.

அந்த வரவை கிளென்வுட் பள்ளத்தாக்கில் செலவழித்தார்கள். கொலராடோ ஆற்றின் கரையை ஒட்டி, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, தூண்களின் மேல் போகும் சாலை. கட்டி முடித்துத் திறந்தது 1992-இல்தான். வேக வரம்பு 80 கி.மீ.; மின்சாரத்தில் ஓட்டுவதற்கென்றே அளந்து வைத்த வேகம். இருபது கிலோமீட்டரும் எஞ்சின் விழிக்கவில்லை. ஜன்னலைத் திறந்ததும் ஆற்றின் சத்தம் உள்ளே வந்தது. குறிப்பேட்டில் அந்த இருபது கிலோமீட்டருக்கு ஒரு வரிகூட இல்லை.

இரவு தங்கிய விடுதியின் மூலையில் ஒரு சார்ஜர் இருந்தது. எப்போதோ நிறைந்துவிட்ட வேறொரு கார் அதை அடைத்துக்கொண்டு நின்றது. இருவரும் பார்த்தார்கள், பேசாமல் அறைக்குப் போனார்கள்.

வெள்ளி: கிராண்ட் ஜங்ஷன் முதல் செயின்ட் ஜார்ஜ் வரை, சுமார் 625 கி.மீ.

காலையில் பெட்ரோல். இந்த மலை மாநிலங்களில் சாதாரண பெட்ரோல் என்று விற்பது 85 ஆக்டேன். காரின் கையேடு கேட்பது 87. நடு பம்பில் பிடித்துக்கொண்டார்கள். டாங்க் 43 லிட்டர், நிறைத்தால் ஆயிரம் கி.மீ. போகும். முன்னே கிடப்பது கிரீன் ரிவர் முதல் சலைனா வரையான சுமார் 175 கி.மீ. பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, ஊரே இல்லை. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் இவ்வளவு நீளத்துக்கு எதுவுமே இல்லாத துண்டு வேறு கிடையாது.

பேட்டரியில் 'மின் ஓட்டம் 0' என்று காட்டியது. முதல்முறை இந்தக் காரில் உட்காருபவர்கள் இங்கேதான் பதறுவார்கள். பூஜ்யம் என்றால் காலி என்று பொருள் இல்லை. சொருகி ஏற்றிய பங்கு தீர்ந்தது, அவ்வளவுதான். அடியில் ஒரு பகுதியைக் கார் எப்போதும் தன்வசம் வைத்துக்கொண்டு, சாதாரண பிரியஸ் போல எஞ்சினையும் மோட்டாரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். பிளக்-இன் ஹைபிரிட் சார்ஜ் இல்லாமல் நின்றுபோகும் என்ற பயம் ஆதாரமில்லாதது.

சான் ரஃபேல் பாறைமேடுகளில் வேக வரம்பு மணிக்கு 80 மைல், அதாவது 129 கி.மீ. ஆசிரியை 120-ல் நிறுத்தினார். அப்படியும் மைலேஜ் லிட்டருக்கு 19-க்கு இறங்கியது. காற்றைக் கிழிக்கிற வேலைக்குப் பேட்டரி தள்ளுபடி தராது.

கணவருக்கு ஒரு சோதனை செய்து பார்க்க ஆசை. பொத்தானை விடாமல் அழுத்தினால் எஞ்சினே ஓடிக்கொண்டு பேட்டரியையும் 80 சதவீதம் வரை நிரப்பும் முறை ஒன்று உண்டு. அரை மணி நேரம் போட்டார்கள். பேட்டரி ஏறியது, மைலேஜ் அதைவிட வேகமாக இறங்கியது. இந்த எஞ்சினின் உச்சத் திறனே 40 சதவீதம். அதில் கிடைத்ததை மின்சாரமாக்கி, பேட்டரியில் வைத்து, மறுபடி எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுப்பதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்துகிறது. சமதளச் சாலையில் இந்தப் பொத்தானைத் தொடுவது பாலைத் தயிராக்கி விற்று, அந்தக் காசில் மறுபடி பால் வாங்குவது போல.

ஊரில்லாத சாலையில் பேச்சு ஐரோப்பாவுக்குப் போனது. கார்களில் பதிவான உண்மையான எரிபொருள் அளவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் விடும் கரியமில வாயு, சோதனைக் கூடக் கணக்கைப் போல சராசரியாக 3.5 மடங்கு. வெறும் பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் சுமார் 20 சதவீதம்தான். பிரிட்டனில் 2018-இல் இன்னொரு கதை வெளிவந்தது. கம்பெனி கொடுத்த இத்தகைய கார்கள் சில, சார்ஜ் கேபிள் உறை பிரிக்காமலே திரும்பி வந்தன. வரிச் சலுகைக்காகக் கார், பெட்ரோலுக்குக் கம்பெனி அட்டை. பிறகு யார் சொருகப் போகிறார்கள்?

இந்த எண்களைக் காட்டித் தொலைதூரப் பயணக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. குற்றம் மூன்று நாள் பயணத்தில் இல்லை. மற்ற முந்நூற்றறுபது நாளும் வீட்டுச் சுவரில் சொருகாமல் ஓட்டுவதில் இருக்கிறது. அப்படி ஓட்டுபவருக்குப் பேட்டரி வெறும் சுமை. அவர் சாதாரண ஹைபிரிட் வாங்கியிருந்தால் காசும் மிச்சம், டிக்கியில் இடமும் மிச்சம்.

கோவ் ஃபோர்ட்டில் 70-ஆம் எண் சாலை முடிந்தது. தெற்கே திரும்பி, இருட்டியபின் செயின்ட் ஜார்ஜ். முன் கண்ணாடியில் படிந்த பனியை நீக்கப் பொத்தானை அழுத்தியதும், மின்சாரத்தில் போய்க்கொண்டிருந்த கார் எஞ்சினை எழுப்பிவிட்டது. கணவர் சோதனையில் சேர்த்த கொஞ்சமும் அதோடு அர்த்தமிழந்தது.

சனி: செயின்ட் ஜார்ஜ் முதல் லாஸ் வேகாஸ் வரை, சுமார் 190 கி.மீ.

வர்ஜின் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறக்கம். மறுபடி சில கிலோமீட்டர் வரவு. மெஸ்கீட்டில் காபிக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது ஆசிரியை ஹைபிரிட் பொத்தானை அழுத்த மறந்தார். சேர்ந்த மின்சாரம் பாலைவன நெடுஞ்சாலையில் கரைவதைக் கணவர் பார்த்துச் சொன்னபோது பாதி போயிருந்தது.

மிச்சமிருந்ததை லாஸ் வேகாஸின் ஸ்ட்ரிப் சாலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே ஐந்து நிமிடம். சுற்றிலும் எஞ்சின்கள் உறுமிக்கொண்டு நிற்க, பிரைம் ஏசியைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஊர்ந்தது.

அக்கா வீட்டு ஷெட்டில் பெட்டிகளை இறக்கியதும் டிக்கியின் அடியிலிருந்து கேபிள் வெளியே வந்தது. சுவரில் சாதாரண 120 வோல்ட் பாயின்ட். நிறைய ஐந்தரை மணி நேரம் என்று ஸ்கிரீன் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கடைக்குப் போய்வர அது போதும்.