உப்பங்கழிக் கரையில் ஒரு பந்தி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மரக்காணத்தைப் பார்ப்பதில்லை, கடந்து போகிறார்கள். மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்த்தாயிற்று; இனிப் புதுச்சேரி போய்ச் சேரவேண்டும். நடுவே, வெயிலில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் அம்பாரங்களைக் கண்டதும், "அதோ பார், உப்பு!" என்று குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வண்டியை விரட்டுகிறார்கள். அங்கே இறங்கி இரண்டு நாள் தங்குகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை.

சென்ற ஆவணி மாதத்தில், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்ததை முன்னிட்டு, நாமும் நம் நண்பர் ஒருவருமாக மரக்காணத்துக்குப் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கிழக்கே கடல், மேற்கே கழுவேலி என்னும் பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் வந்து இறங்கும் அந்த ஏரி 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வடக்கேயிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கே வந்துதான் ஓய்கிறது. முன்னாளில் இந்த உப்பு படகேறிச் சென்னைக்குப் போன வழி அது.

உப்பு விளைவது ஒரு பொறுமையான காரியம். கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் உப்பு நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதைக் குடிக்கக் குடிக்க, எஞ்சிய நீரின் செறிவு ஏறுகிறது. பாத்திக்குப் பாத்தி அதை மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடல் நீர் போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்குவதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீஷிய உப்புகளும் கூடச் சேர்ந்து பண்டம் கசந்து போகும். வடிக்கவேண்டிய நாழிகை வந்துவிட்டது என்பதை இங்குள்ளவர்கள் நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

விடியுமுன்பே வேலைக்கு இறங்கிவிடும் ஸ்திரீகளையும் புருஷர்களையும் நாம் வரப்பின்மேல் நின்று பார்த்தோம். நீண்ட கழியில் பூட்டிய பலகையால் உப்பை வாரி ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். பிறகு கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். கால் தோல் வெடித்துப்போகிறது. வெண்மையின் கூச்சத்தில் கண் மங்குகிறது. ஐப்பசி பிறந்தால் மழை. மழை வந்தால் வேலை இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே புயல் கரை கடந்தபோது இந்த அளங்கள் முழுவதும் வெள்ளக்காடாயின. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் அளிக்கும் திட்டத்தை மாநில அரசாங்கம் 2022-இல் தொடங்கியது. மூன்று மாதப் பட்டினிக்கு அது எம்மட்டு என்று நாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை வறட்சியான கரையில் விருந்தோம்பல் மட்டும் வற்றியதே இல்லை என்பதுதான் விந்தை. பழைய எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதியில் இருந்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன், எதிரே வரும் வேறொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது சிறுபாணாற்றுப்படை. அந்த வழியில் எயிற்பட்டினமும் வருகிறது. அங்கே போனால் நெய்தல் நில மக்கள் சுட்ட மீனும் தேறலும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று அந்தப் பாணன் நம்பிக்கையோடு சொல்கிறான். "நடந்து போகிறவனே, கவலைப்படாதே, வழியில் சோறு உண்டு" என்பதுதான் ஆற்றுப்படையின் சாரம் என்று நாம் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்குச் சோறிடுவது குற்றமாக இருந்த நாட்களும் உண்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுக்கிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை கட்டளையிட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது செய்வதற்குச் சட்டம் இல்லை அல்லவா? ஏப்ரல் 30-ஆம் தேதி வேதாரணியத்தில் உப்பு அள்ளப்பட்டது. அந்த உப்பில் சர்க்காரின் வரி இல்லை; பெயர் தெரியாத எத்தனையோ அடுப்பங்கரைகளின் பங்கு இருந்தது.

இந்தப் பழங்கதைகளையெல்லாம் பேசிக்கொண்டே நாம் மாலையில் சாலைக்கு வந்தபோது, வடக்கேயிருந்து ஒரு காவிக் கூட்டம் வருவதைக் கண்டோம். திருப்பதிக்கோ பழநிக்கோ போகிறவர்கள் என்று முதற்பார்வையில் தோன்றும். நடுவில் அவர்கள் இழுத்துவந்த சிறு தேரில் மாதா சுரூபம்! வேளாங்கண்ணி யாத்திரிகர்கள். ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8-ஆம் தேதி திருவிழாவுக்கும் போய்ச் சேர்வதற்காக, ஆண்டுதோறும் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக இந்தச் சாலையில் நடக்கிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. காலில் செருப்பில்லாதவர்கள் அநேகர். அவர்களிலும் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். நெற்றியில் விபூதியோடு நடந்துவந்த ஒரு தாயாரை நாம் பார்த்தோம்.

உப்பளத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அவர்களுக்கு அன்று இரவுச் சாப்பாடு. ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று அவ்வூரார் கேட்டுக்கொண்டபடியால் எழுதவில்லை. ஓடு வேய்ந்த சிறிய கோயில், முன்னே ஒரு வேப்பமரம், பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. கொட்டகையின் பின்னால் மூன்று கல் அடுப்புகளில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து பருப்பு, ஒரு வீட்டிலிருந்து விறகு. "எங்க வீட்டிலிருந்து உப்பு" என்று ஓர் அம்மாள் சொல்லிவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். காலையில் பாத்தியில் நாம் கண்ட கைகள்தாம் இப்போது கரண்டி பிடித்திருந்தன.

"உட்காருங்க ஐயா, ரெண்டு கவளம் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மாள். "நாங்கள் யாத்திரிகர்கள் அல்லவே, அம்மா" என்றோம். "பசி யாத்திரைக்காரங்களுக்கு மட்டுமா வருது?" என்று பதில் வந்தது. தர்க்கசாஸ்திரம் படித்த நம் நண்பருக்கு அதற்கு மறுமொழி தோன்றவில்லை. உட்கார்ந்தோம்.

இவ்வூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வாழ்க்கையைக் கோயில் மணியும் அடுப்பும் சேர்ந்து நடத்துகின்றன என்று சொல்லலாம். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் திரிகால மணி அடிக்கிறது. அந்தி மயங்கியதும் வீட்டில் செபமாலை; அது முடிந்ததும் குழந்தைகள் பெரியவர்கள் முன் மண்டியிட, பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். பிறகே இலையோ தட்டோ. சாம்பல் புதனுடன் தபசு காலம் பிறக்கிறது. ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் மாமிசம் விலக்கிய சாப்பாடு. நம் ஏகாதசிக்கும் கார்த்திகை விரதத்துக்கும் இவை தூரத்து உறவு அல்ல, பங்காளி உறவு! பெரிய வெள்ளிக்கிழமையன்று வழிபாடு முடிந்து வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் கஞ்சி வார்ப்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் அதிரசமும் முறுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகின்றன. தீபாவளிக்கு அதே தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வருகிறது. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். அன்று குடும்பத்தோடு போய், முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து, மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த வேளையில் மழை தூறாத வருஷம் அபூர்வம் என்றார்கள்.

உப்புக்கும் இந்த மதாசாரத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. முற்காலத்து லத்தீன் முறைப்படி ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் நாவில் குரு சிறிது உப்பை வைப்பார். அது ஞானத்தின் அடையாளம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வந்த புதிய முறையில் அந்தச் சடங்கு விடப்பட்டது. நம்மோடு பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய உபதேசியார் அந்தப் பழைய முறையில் ஞானஸ்நானம் பெற்றவர். "நான் உப்பளத்துப் பிள்ளை, பாலுக்கு அடுத்தபடி உப்பைத்தான் ருசி பார்த்தேன்" என்றார்.

ஆனால் அவர் சொன்ன மற்றொரு செய்தி நம் தொண்டையில் சோற்றை நிறுத்திவிட்டது. அவர் சிறுவனாக இருந்தபோது, அவர் பிறந்த ஊர்த் திருவிழாவில் சாமி ஒன்று, தேர் ஒன்று. பந்தி மட்டும் இரண்டு. ஒரு சாராருக்குக் கொட்டகையில் இலை. மற்றொரு சாராருக்கு மரத்தடியில், அதுவும் பிறகு. "ஒரே அப்பத்தைச் சாமியார் கையால வாங்கித் தின்னுட்டு வெளியில வருவோம். வந்ததும் வேற வேற ஜனம் ஆயிடுவோம்" என்றார் உபதேசியார். அவர் எந்தச் சாராரைச் சேர்ந்தவர் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தங்களுக்குள் இந்தப் பேதம் ஏன் என்று அவ்வகுப்பினர் பெரிய குருவிடம் சென்று முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்ட செய்தியை 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரிக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். செங்கல் சுவர் ஒரு நாளில் விழுந்தது, மனச்சுவர் விழவில்லை. 2008 மார்ச்சு மாதத்தில், அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், ஒரே ஜெபமாலை மாதாவை வணங்குகிற இரு சாதியாருக்குள் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் மாண்டனர். எந்த மதத்துக்கும் இதில் விலக்கில்லை. 2013 ஏப்ரலில் இதே மரக்காணத்தில், இதே சாலையோரத்தில், சாதிக் கலவரத்தில் குடிசைகள் எரிந்ததை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

ஆகவேதான், கோபுரத்தின் உயரத்தையும் தேரின் ஜோடனையையும் பார்த்து ஒரு ஊரின் பக்தியை அளக்கக்கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது. பந்தியைப் பார்க்கவேண்டும். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? யார் பரிமாறுகிறார்கள்? முதலில் யாருக்கு இலை? எஞ்சியது யாருக்கு? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்று நாம் குழந்தைகளுக்குப் போதிக்கிறோம். இந்தத் தேசத்தின் உலையில் உப்பிடுகிற இந்தக் கைகளை எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர்கள் கையால் பரிமாறினால் எத்தனை பேர் உட்காருவோம்?

உபதேசியாரிடம், "இப்போது இங்கே எப்படி?" என்று கேட்டோம். அவர் கையைக் காட்டினார். கொட்டகைக்குள் ஒரே நீண்ட வரிசை. யாத்திரிகர்களும் ஊராரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். விபூதி அணிந்த தாயாருக்கும் கழுத்தில் செபமாலை போட்ட வாலிபனுக்கும் நடுவே, உப்பளத்திலிருந்து நேரே வந்த ஒருவர், வெடித்த கால்களை மடக்கிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்த வரிசை தானாக வரவில்லை ஐயா. சில வருஷம் சண்டை, சில வருஷம் பட்டினிப் பந்தி. ஒரு தடவை சமைத்த சோற்றைத் தொட ஆளில்லாமல் காலையில் மாட்டுக்குப் போட்டோம். அந்தச் சோற்றைப் பார்த்த பிறகுதான் எங்கள் பெண்களுக்குக் கோபம் வந்தது. இனி ஒரே பந்தி என்றால் சமைக்கிறோம், இரண்டென்றால் அடுப்பு மூட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றார்.

நூல்களும் சட்டங்களும் பிரசங்கங்களும் செய்ய முடியாததை, அடுப்பு மூட்ட மறுத்த சில தாய்மார்கள் செய்திருக்கிறார்கள். வரும் ஆண்டில் நேயர்களில் எவரேனும் ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்தச் சாலையில் போக நேர்ந்தால், காவிக் கூட்டத்தைக் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எங்கேனும் ஒரு கொட்டகையில் இலை போட்டிருப்பார்கள். குழந்தைகளையும் அழைத்துப்போய் உட்காருங்கள். பக்கத்து இலைக்காரர் யாரென்று விசாரிக்க வேண்டாம். அவருக்குச் சோறு போதுமா என்று மட்டும் கேளுங்கள்.