பழுதும் காரணமும்

வெயிலுக்குக் குறைவில்லாத மலேசியாவில் துணி உலர்த்த மின்சாரம் எதற்கு என வினவுவோர் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் அவ்வாறு வினவார். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில், காலையில் கொடியில் இட்ட பள்ளிச் சீருடை மறுநாள் காலையிலும் ஈரமாகவே தொங்கும். மின் உலர்த்தி பல இல்லங்களில் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். அது பழுதுபடும்போதுதான் அதன் உள்ளமைப்பை அறியும் வாய்ப்பும் கிட்டுகிறது.

காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் உலர்த்தியின் அமைப்பு எளியது. மின்னோடி, ஒரு வாரின் துணையால் உருளையைச் சுழற்றுகிறது. விசிறி இழுக்கும் காற்று வெப்பச் சுருளைக் கடந்து சூடேறி, ஈரத் துணிகளினூடே புகுந்து, நீராவியைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. துணியினின்று உதிரும் பஞ்சுத் துகளை வடிகட்டி தடுத்து நிறுத்துகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்னாற்றல் வேண்டும். அவ்வெப்பத்தை வெளியே கொண்டு செல்வது காற்றே. காற்றின் வழி அடைபட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கிவிடும்.

உருளை சுழன்றும் துணி உலராமை, பலரும் காணும் ஒரு பழுது. அது நேர்ந்த ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். குடும்பத் தலைவர் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், சுவரிலிருந்து மின்செருகியையும் கழற்றிவிடுகிறார். இயந்திரம் ஆறிய பின்னரே பின்தகட்டின் திருகாணிகளை அகற்றுகிறார். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை மகள் ஒரு தாளில் வரைந்துகொள்கிறாள்.

வெப்பச் சுருளின் ஆற்றல் 2000 வாட்; மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஆற்றலால் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் என வரும். வகுப்பறையில் கற்ற விதியை மகள் இங்கே கணக்கிட்டுச் சொல்கிறாள். மல்டிமீட்டரும் அதற்கு நெருங்கிய அளவையே காட்டுகிறது. ஆகவே, சுருள் அறவில்லை. அடுத்து, கட்டைவிரல் அளவே உள்ள வெப்ப உருகியைச் சோதிக்கிறார்கள். அதில் மின்னோட்டத்திற்கு வழியே இல்லை. குறை அங்கேதான்.

“இந்த இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் இப்போதே சூடாகுமே, அப்பா?” என்கிறாள் மகள்.

“சூடாகும் அம்மா. ஆனால், சூடு எல்லை மீறும்போது அதை நிறுத்துவதற்கு எதுவும் இராது.”

அவர் சொல்வதன் பொருள் ஆழமானது. அன்றாடம் வெப்பத்தை அளவோடு வைத்திருப்பது தெர்மோஸ்டாட். அதன் கட்டுப்பாட்டையும் மீறி வெப்பம் ஏறினால், வெப்ப உருகி தன்னையே அழித்துக்கொண்டு வீட்டைக் காக்கிறது. அந்தக் காவலனைப் புறக்கணித்துக் கம்பியால் இணைப்பது, பழுது பார்ப்பதாகாது. நெருப்பை வீட்டிற்குள் அழைப்பதாகும்.

ஆகவே, புதிய உருகியைப் பொருத்துமுன் பழையது ஏன் அறுந்தது என்று ஆராய வேண்டும். அவ்வில்லத்தில், சுவரோடு நெருங்கியிருந்த காற்றுக்குழாய் நசுங்கிக் கிடக்கிறது. உள்ளே பஞ்சுத் துகள் கம்பளம்போல் படிந்திருக்கிறது. உலர்ந்த பஞ்சு எளிதில் தீப்பற்றக்கூடியது. உலர்த்தியால் வீடுகளில் நேரும் தீவிபத்துகளுக்கு முதன்மையான காரணம் அதனைத் தூய்மை செய்யாமையே என அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் சுட்டியுள்ளது. குழாயைத் தூய்மை செய்து, நேராக்கி, சுவருக்கும் இயந்திரத்திற்கும் இடைவெளி விட்டு, அதே வெப்ப அளவுடைய உருகியைப் பொருத்திய பிறகே பணி நிறைவுறுகிறது. கருகிய கம்பியோ, வீட்டின் மின்னிணைப்பில் குறையோ தென்பட்டால், அது உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரிய வேலை. அங்கே கையை எடுத்துவிடுவதே அறிவுடைமை.

நோயின் காரணத்தை நாடச் சொல்லும் திருக்குறள் நெறி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்தைத் திறப்பவருக்கும் அது பொருந்தும். மாணவரின் ஏட்டைத் திருத்தும் ஆசிரியருக்கும் பொருந்தும். ஒரே பிழையை மாணவன் மீண்டும் மீண்டும் செய்கிறான் என்றால், சிவப்பு மையால் சுழிப்பது உருகியை மட்டும் மாற்றுவது போன்றது. அவன் எண்ணத்தில் வழி எங்கே அடைபட்டது என்று கண்டு, அதைத் திறந்துவிடுவதே திருத்தம்.